மந்திரக்காரியின் இரண்டாம் பாகம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முதல் பாகத்தை முடித்துவிட்டீர்கள். லஸ் முனையில் 29சி பேருந்துக்காக நின்ற பதினாறு வயதுப் பெண்ணுக்கு மந்திரம் வாய்த்தது. தி. நகரை ஆட்டிப்படைத்த கொடுங்கோலன் வீழ்ந்தான். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் தோழர்கள் அவளைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். படித்த பிள்ளைகள் ‘அடுத்த பாகம் எப்போ?’ என்கிறார்கள். பதிப்பாளரும் கேட்கிறார், அவர் கேட்பதற்குக் காரணம் வேறு.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத் தொடர்களைத்தான் புரட்டுகிறார்கள். புரட்டட்டும், தப்பில்லை. சுசான் காலின்ஸின் ‘மாக்கிங்ஜே’ (2010), போராட்டத்தின் முகமாக்கப்பட்ட ஒரு பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்பதை ஒளிக்காமல் சொன்னது. டோமி அடியெமியின் இரண்டாம் நாவல் (2019), போன மந்திரம் திரும்பி வந்த பிறகும் நாடு சரியாகாததைக் காட்டியது. ஆனால் அடையாறிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெசன்ட் நகரில், உ.வே. சாமிநாதையர் பெயரில் ஒரு நூல் நிலையம் இருக்கிறது. அவர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். முதல் கதையில் மாண்டவனின் மகள்தான் இரண்டாம் கதையின் நாயகி. குலத்தொழிலை மறுக்கிற இளம்பெண், அவளுக்கு மூன்று மந்திரங்கள், வற்றாத ஒரு பாத்திரம், துரத்துகிற இளவரசன், சிறை, அவளைப் பைத்தியமாக்கப் பார்க்கிற அரசி. மாயமும் கலகமும் மனநலமும் பேசுகிற இளையோர் கதையின் இரண்டாம் பாகம் என்றால் இதுதான். மனப்பாடச் செய்யுளாகவே பார்த்துப் பழகிவிட்டதால் நமக்கு அப்படிப் படிக்கத் தோன்றவில்லை. கீழே உள்ள பட்டியலில் பாதி, மணிமேகலையை எழுதிய சாத்தனாரிடமிருந்து எடுத்தது.

செய்யுங்கள்: முதல் பாகத்தின் காயத்திலிருந்து தொடங்குங்கள்

புகாரில் இந்திர விழா அறிவிக்கப்படுகிறது. ஊரே தயாராகிறது, ஆட வேண்டிய மாதவி மட்டும் வரவில்லை. ஊர் என்ன பேசுகிறது என்று சொல்லி அழைத்துவரும்படி, அவள் தாய் சித்திராபதி வயந்தமாலையை அனுப்புகிறாள். அவளுக்கு மாதவி சொல்லும் பதில் வழியாகவே, மணிமேகலையின் தந்தை கோவலன் கொலையுண்டதும் கண்ணகி மதுரையை எரித்ததும் புது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. முன்கதைச் சுருக்கம் என்று தனியே ஒரு பக்கம் தேவைப்படவில்லை. வம்புக்குச் சொல்லும் பதிலே சுருக்கம்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த மணிமேகலையின் காதில் இது விழுகிறது. கண்ணீர் மாலையில் சொட்டிப் பூ கெடுகிறது. வேறு பூ பறித்து வரட்டும் என்று மாதவி அவளை அனுப்ப, அவள் தோழி சுதமதியுடன் உவவனம் போகிறாள். இளவரசனும் தெய்வமும் மந்திரமும் அங்கிருந்துதான் வரிசையாக வருகின்றன. முப்பது காதைகளை ஒரு பெண்ணின் அழுகை கிளப்பிவிடுகிறது.

உங்கள் நாயகியும் தோளிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போயிருப்பாள். அன்றிரவு தூங்கினாளா? வலக்கையால் ஒருவனை எரித்தவள் மறுநாள் காலை அதே கையால் எப்படித் தோசை பிய்த்துத் தின்றாள்? முதல் அத்தியாயம் அதுதான். புது எதிரி நாலாவது அத்தியாயத்தில் வந்தால் போதும்.

செய்யாதீர்கள்: மனநோயை மந்திரத்தின் விளைவாகவோ, மந்திரத்தை மனநோயின் மருந்தாகவோ ஆக்காதீர்கள்

வருகிற கையெழுத்துப் பிரதிகளில் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். நாயகிக்குக் குரல்கள் கேட்கும், அம்மா மருத்துவரிடம் கூட்டிப்போவாள், மருத்துவர் மாத்திரை கொடுப்பார், கடைசியில் அந்தக் குரல்கள் உண்மையிலேயே முன்னோர்களின் குரல்கள் என்று தெரியவரும். மாத்திரையைத் தூக்கிப்போட்டதும் சக்தி பொங்கும். எழுதும்போது கிளர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தியாவது உண்மையில் மாத்திரை சாப்பிடுகிறவளாக இருப்பாள். நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன?

இதன் மறுபக்கமும் அதே அளவு மோசம்: அடையாறு ஆலமரத்தடியில் ஒரு கிழவர் நெற்றியில் கை வைத்ததும் இரண்டு வருட மனச்சோர்வு பறந்துபோவது.

சாத்தனார் இதில் கெட்டிக்காரர். காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணுக்கு ஒரு முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசி; பன்னிரண்டு ஆண்டுகள். மணிமேகலையின் வற்றாத பாத்திரமான அமுதசுரபியின் சோறு அதைத் தீர்க்கிறது. சரி, மந்திரம் குணப்படுத்திவிட்டது என்று நினைக்கும்போதே கதை திரும்புகிறது. ஊர் திரும்ப வானில் கிளம்பியவள் விந்தமலைக்கு மேல் பறக்க, அதைக் காக்கும் தெய்வத்தின் வயிற்றுக்குள் போய்விடுகிறாள். நோய் தீர்ந்தவள் வீடு போய்ச் சேரவில்லை. அவள் கணவன் காஞ்சனன் இது தெரியாமல் புகாரில் தேடிக்கொண்டிருக்கிறான். ஒரு குணமாதலின் பின்விளைவு இன்னொருவர் வாழ்க்கையில் போய் இடிக்கிறது.

செய்யுங்கள்: ஒவ்வொரு மந்திரத்துக்கும் கணக்கு வையுங்கள்

மணிமேகலா தெய்வம் கொடுத்த மூன்றும் எளியவை: வேற்றுருவம் எடுக்கலாம், வான்வழி போகலாம், பசியில்லாமல் இருக்கலாம். தீப்பிழம்பு எறிவது கிடையாது. இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகையின் உருவம் எடுக்கிறாள். அதைப் பார்த்துத் தன் மனைவி என்றே நினைத்த காஞ்சனன், நள்ளிரவில் அவளைத் தேடி வந்த இளவரசனை வெட்டிவிடுகிறான். தற்காப்புக்காக எடுத்த வேடம் ஓர் உயிரைக் குடித்தது. அவள் அழுகிறாள், அவன் முற்பிறப்பில் தன் கணவன் என்பதும் அவளுக்குத் தெரியும். தூணில் இருக்கும் பாவை பேசித்தான் அவளை நிறுத்த வேண்டியிருக்கிறது.

குற்றம் அவளுடையதா? இல்லை. குற்றவுணர்வு? அது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைத்தான் இரண்டாம் பாகம் எழுத வேண்டும்.

நீங்கள் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் பாகத்தில் அவள் செய்த மந்திரம் ஒரு பக்கம், அதனால் யாருக்கு என்ன ஆனது என்பது மறு பக்கம். ரங்கநாதன் தெருவில் அவள் நேரத்தை நிறுத்தி வைத்தாள் அல்லவா, அப்போது மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தவர் யார்? வலது பத்தி காலியாக இருக்கிற மந்திரங்களை வெட்டிவிடுங்கள்.

செய்யாதீர்கள்: வில்லனுக்குப் பைத்தியம் என்று சொல்லி முடிக்காதீர்கள்

2005இல் இரண்டே மாத இடைவெளியில் ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும் வந்தன. ஒன்றில் பழைய நாட்டியக்காரி உள்ளே புகுந்தாள், இன்னொன்றில் ஒரே உடம்பில் மூன்று பேர். இரண்டும் ஓடு ஓடென்று ஓடின. நானும் ரசித்தேன், இன்றைக்கு டிவியில் போட்டாலும் பார்ப்பேன். ஆனால் மனநோய் என்றாலே கொலை, கண்ணை உருட்டல், குரல் மாற்றம் என்று ஒரு தலைமுறைக்குப் பதிந்துபோனதில் இந்த மாதிரிப் படங்களுக்குப் பங்கு உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை. அடி வாங்குகிற பக்கத்தில்தான் அவர்கள் அதிகம்.

உவவனத்துக்குப் போகும் வழியில் மணிமேகலை ஒரு பித்தனைக் கடக்கிறாள். அலரியும் எருக்கும் சூடி, அழுது, பிதற்றி, தன் நிழலோடு சண்டை போடுகிற மனிதன். அவனைச் சுற்றி ஒரு கூட்டம். சாத்தனார் அந்தக் கூட்டத்தைச் சிரிக்கவிடவில்லை. அவன் படுகிற பாட்டைப் பார்த்து வருந்தி அவன் பின்னால் நிற்கிறவர்களாகக் காட்டுகிறார். நம் சினிமா அந்தக் கூட்டத்திடம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

அதேபோல, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஒரு பாத்திரம் இன்னொன்றைக் கிண்டலடிக்கிற வரியை இளசுகளின் யதார்த்தப் பேச்சு என்று காட்டி நியாயப்படுத்த வேண்டாம். 1794இல் தொடங்கிய அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இன்னும் நடக்கிறது, உங்கள் வாசகரின் சித்தப்பா அங்கே புறநோயாளியாக இருக்கலாம். பாத்திரம் அப்படிப் பேசியே ஆகவேண்டும் என்றால், பக்கத்தில் நிற்கிறவர் முகம் மாறுவதையும் எழுதுங்கள்.

செய்யுங்கள்: அதிகாரம் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்று காட்டுங்கள்

மகனை இழந்த அரசி, மணிமேகலையைச் சிறையிலிருந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறாள். அன்பு காட்டுவதாகத்தான் வெளியே பேச்சு. உள்ளே முதல் வேலை, சித்தம் கலங்க ஏதோ ஊட்டுவது. அது பலிக்கவில்லை. பிறகு காசு கொடுத்து ஓர் இளைஞனை ஏவுகிறாள். மணிமேகலை ஆண் உருவம் எடுத்துவிடுகிறாள். கடைசியாக, நோய் என்று சொல்லி அறையில் அடைத்து உணவை நிறுத்துகிறாள்; மூன்றாவது மந்திரம் காக்கிறது.

கவனியுங்கள்: இங்கே பித்து வில்லியின் குணம் இல்லை. ஒரு கலகக்காரியிடமிருந்து பறிக்க வேண்டியது அவளுடைய தெளிவுதான் என்று அதிகாரத்துக்குத் தெரிந்திருக்கிறது. சோவியத் ஒன்றியத்தில் அரசை விமர்சித்தவர்களுக்கு மனநோய்ப் பட்டம் கட்டி மருத்துவமனையில் அடைத்தது இருபதாம் நூற்றாண்டில். வீட்டளவிலும் இது நடக்கிறது. காதலித்த பெண்ணை, சொத்துக் கேட்ட அக்காவை ‘அவளுக்கு மனசு சரியில்ல’ என்று ஒரு வரியில் ஓரங்கட்டுவது நமக்குத் தெரியாததா?

அந்த அரசியும் வெறும் அரக்கி இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய். அவள் செய்த கொடுமை அத்தனையும் துக்கத்தில் புளித்தது. நீ அழுவது உடலுக்கா உயிருக்கா என்று மணிமேகலை அவளிடம் கேட்கிற இடம் வரும். தன்னைச் சித்திரவதை செய்தவளை உட்காரவைத்துப் பேசுகிறாள். உங்கள் எதிரிக்கும் ஒரு செத்த பிள்ளை, அல்லது அதற்கு ஈடான ஒன்று இருக்கட்டும். அதற்காக அவரை மன்னித்துவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

செய்யுங்கள்: ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ மறுக்கட்டும்

இதற்கு மாயக்கதை தேவையே இல்லை, அடையாறில் நிஜமாகவே நடந்தது. 1909இல் ஆற்றுமுகத்துக் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு நோஞ்சான் பையனைப் பார்த்து, இவன்தான் வரப்போகிற உலக ஆசான் என்று பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் சொன்னார். பையன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. அப்பா நாராயணய்யா அதே சபையில் வேலை பார்த்தவர். அன்னி பெசன்ட் அவனையும் தம்பி நித்யாவையும் வளர்ப்புப் பொறுப்பில் எடுத்தார். பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று அப்பா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உலகம் முழுக்க ஒரு சங்கம், இதழ்கள், காத்திருக்கும் கூட்டம்.

1925இல் நித்யா காசநோயில் இறந்தார். பிழைத்துவிடுவார் என்று நம்பவைக்கப்பட்டிருந்த அண்ணன் அப்போது கப்பலில் வந்துகொண்டிருந்தார். தந்தி வந்தது. அவருடைய நம்பிக்கை அங்கேதான் உடைந்தது என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாலு வருடம் கழித்து, 1929 ஆகஸ்ட் 3இல், ஹாலந்தின் ஓமனில் தனக்காகவே உருவாக்கப்பட்ட சங்கத்தைக் கூடியிருந்தவர்கள் முன்னாலேயே கலைத்தார்.

எந்த மாயக்கதையும் இதைவிட நல்ல இரண்டாம் பாகத்தைக் கொடுத்ததில்லை. இழப்பு நடந்து நாலு வருடம் கழித்துத்தான் கலகம் வருகிறது. நம் நாவல்களில் நாலு பக்கத்தில் வந்துவிடுகிறது.

அதே பிரம்மஞான சபை வளாகத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1884இல், சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் அறைப்பக்கம் இருந்த அலமாரியில் மகாத்மாக்களின் கடிதங்கள் தோன்றுவதாகச் சொல்லப்பட்டதை, அங்கே வேலை பார்த்த கூலோம் தம்பதி பித்தலாட்டம் என்று போட்டுடைத்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் அதை வெளியிட்டது. 1885இல் லண்டன் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தின் அறிக்கையும் மோசடி என்றது. அந்த அறிக்கை நியாயமானதா என்ற சண்டை நூறு வருடம் கழித்தும் தொடர்ந்தது. உங்கள் நாயகியின் குருவிடமும் ஓர் அலமாரி இருக்கலாம். அவள் அதன் பின்பலகையைத் தட்டிப் பார்க்கிற காட்சியை நான் காசு கொடுத்துப் படிப்பேன்.

செய்யாதீர்கள்: ஒரே இரவில் புரட்சி முடிய வேண்டாம்

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கு, உங்கள் வாசகர்களின் இன்றைய வயதைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். செல்போன் வெளிச்சமும் பாட்டும் எல்லோர் நினைவிலும் இருக்கும். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 23ஆம் தேதி போலீஸ் கலைத்தபோது தண்ணீர்ப் பக்கம் ஓடிய பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தது கரையோர மீனவக் குப்பங்கள். அன்றைக்கு நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பிய வாரத்தில் அந்த மீன்காரம்மாக்கள் எங்கே கூடை வைத்தார்கள்? இரண்டாம் பாகம் அங்கே இருக்கிறது.

செய்யுங்கள்: கலகம் ஒரு விதியை மாற்றட்டும்

அரசன் மணிமேகலையிடம் என்ன வேண்டும் என்று கேட்கும்போது அவள் சிம்மாசனம் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொல்கிறாள். கட்டடம் அதேதான், பயன் வேறு.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான ஒன்றைச் சொல்கிறேன். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருடம் போயிற்று என்றிருந்த காலம் உண்டு. முடிவு வெளியாகும் நாள் செய்தித்தாளைத் திறக்கவே பயமாக இருக்கும். தோற்றவர்கள் உடனடியாகத் துணைத்தேர்வு எழுதலாம், அந்த வருடமே கல்லூரி சேரலாம் என்று விதி மாறியது. இதற்காகப் பேசியவர்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவர். 1986இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர். மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில், ராஜா அண்ணாமலைபுரத்தில்தான் அது இயங்குகிறது. தேர்வுத் தோல்வியால் சாகிற பிள்ளைகளின் எண்ணிக்கை அதற்குப் பின் குறைந்தது. யாரும் யாரையும் வீழ்த்தவில்லை. அரசாணையில் நாலு வரி மாறியது.

மாயக்கதையில் அரசாணையா, யார் படிப்பார்கள் என்பீர்கள். அந்த நாலு வரிக்காக உங்கள் நாயகி கோட்டைக்கு எத்தனை முறை நடந்தாள், அங்கே எந்தக் கதவில் மந்திரம் செல்லுபடியாகவில்லை என்று எழுதுங்கள், படிப்பார்கள்.

செய்யாதீர்கள்: பாட்டியின் தாயத்தைக் கேலி செய்யாதீர்கள், சங்கிலிக்குச் சமாதானமும் சொல்லாதீர்கள்

பெண் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் நம் வீடுகளில் முதலில் வருவது மருத்துவர் இல்லை. திருஷ்டி சுற்றுவார்கள், முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், தெரிந்த பாய் மந்திரித்துக் கொடுத்த கயிற்றைக் கட்டுவார்கள். அதில் அன்பு இருக்கிறது. அதை முட்டாள்தனம் என்று சித்திரிக்கிற நாவல், பாட்டியைப் பிடித்த வாசகரை இழந்துவிடும்.

ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஐ மறக்கவும் முடியாது. தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதியில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதே ஏர்வாடியில் பிறகு தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. தவா, துவா என்று பெயர், மருந்தும் பிரார்த்தனையும். யாரும் நம்பிக்கையை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. பாட்டி கயிறு கட்டட்டும். கட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிப்போகட்டும்.

செய்யுங்கள்: சிகிச்சையின் நேரத்தைக் கதையில் பயன்படுத்துங்கள்

மந்திரம் ஒரு நொடியில் வேலை செய்யும். மனச்சோர்வுக்கான மாத்திரைக்குப் பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். அதுவரை வாய் உலர்வதும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம். பாதியில் தானாக நிறுத்தவும் கூடாது. கலகமோ வருகிற வெள்ளிக்கிழமை! இதைவிட நல்ல நெருக்கடியை எந்த அசுரனும் உங்களுக்குத் தரமாட்டான். தவிர, பதினெட்டு வயதாகாத பிள்ளைக்குச் சிகிச்சை என்றால் பெற்றோரோ காப்பாளரோ உடன் வேண்டும். ஊரைக் காப்பாற்றியவள் அப்பாவிடம் போய், ‘எனக்கு ஒரு மாதிரியா இருக்குப்பா, டாக்டரப் பாக்கணும்’ என்று சொல்லியாக வேண்டும். சொல்ல அவளுக்கு எத்தனை நாள் ஆகும்?

செய்யுங்கள்: பதற்றத்தை உடம்பில் எழுதுங்கள்

‘அவள் மனதில் இருள் சூழ்ந்தது’ போன்ற வரிகளை அடித்துவிட்டு இடத்தைக் கொண்டுவாருங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பேருந்து நிலையத்துக்குப் போகிற ஆகாய நடைபாதை, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. முன்னால் பெரிய ஜவுளிக்கடைப் பைகள், பின்னால் யாரோ இடிக்கிறார்கள். விரல் நுனி மரத்துப்போகிறது. மூச்சு மார்புக்கு மேலேயே நிற்கிறது. இதயம் நின்றுவிடப் போகிறது என்று உறுதியாகத் தோன்றுகிறது. பறக்கத் தெரிந்தவள்தான், கைப்பிடிக் கம்பியை விட அவளால் முடியவில்லை. ஹேர்க்ளிப் விற்கிற அக்கா ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள்: ‘உக்காரு கண்ணு. ஒண்ணும் இல்ல. இந்தா, தண்ணி குடி. யார் கூட வந்த?’ சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல வடிகிறது. அந்த அக்கா யாரென்று கடைசி வரை சொல்ல வேண்டாம். அவள் தேவதையாக மாறவும் வேண்டாம், கிளிப் விற்கட்டும்.

செய்யாதீர்கள்: தற்கொலை முயற்சியின் முறையை எழுதாதீர்கள்

எப்படி, எதைக் கொண்டு, எங்கே என்று விவரிக்க வேண்டாம். தியாகம் என்ற பெயரில் நாயகி உயிரை விட்டு ஊரைக் காக்கிற முடிவும் வேண்டாம். பதினைந்து வயது வாசகர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சினேகாவின் எண் 044-24640050, அரசின் டெலி மானஸ் 14416 இரண்டையும் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் நீங்களே ஒருமுறை டயல் செய்து சரிபாருங்கள்.

செய்யுங்கள்: செத்தவர் திரும்பி வந்தால், வந்தவரின் நாளை யோசியுங்கள்

மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் அப்பா சிவநேசர் குடத்தில் வைத்திருந்தார். சம்பந்தர் பதிகம் பாட, அவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்தாள். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் நாளன்று காலை குளத்தருகே இது இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. மதியம் நாயன்மார் ஊர்வலத்துக்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் இதைத் தவறவிட்டுவிடும்.

அந்தப் பதிகத்தில் என்னை நிறுத்துவது, அவளை எழுப்ப அவர் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்: இதெல்லாம் பார்க்காமலேயே போகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாமே அவள் தெருவில் நடப்பவை. விட்டுப்போன ஒருத்தியைத் திரும்பக் கூப்பிட அண்டசராசரத்தை இழுக்கவில்லை, வாசலில் நடக்கிற திருவிழாவைச் சொன்னார். மீட்பு பற்றி எழுதுகிறவருக்கு இதில் நிறைய இருக்கிறது.

எழுந்தவளுக்கு என்ன ஆயிற்று? மணம் செய்து கொடுக்க அப்பா முன்வர, நான் உயிர் கொடுத்தவன், எனக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். அவள் பிறகு யாரையும் மணக்காமல் வாழ்ந்ததாகச் சேக்கிழார் சுருக்கமாக முடிக்கிறார். குடத்துக்குள் கழிந்த வருடங்களைப் பற்றி அவளை யாரும் கேட்டார்களா? பாம்பைக் கண்டால் என்ன செய்தாள்? முதல் பாகத்தில் நீங்கள் யாரையாவது உயிர்ப்பித்திருந்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தரக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

செய்யாதீர்கள்: கடைசி மூன்றிலொரு பங்கைப் பிரசங்கமாக்காதீர்கள்

சாத்தனாரே வழுக்கிய இடம் இது. வஞ்சிக்குப் போனபின் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காஞ்சியில் தருக்க இலக்கணமே நீளமாக வருகிறது. பௌத்த ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். அமுதசுரபியும் காயசண்டிகையும் படித்துவிட்டு வந்தவருக்குச் சோதனை. உங்கள் நாவலில் இதன் நவீன வடிவம், ஆலோசகர் பாத்திரம் மூன்று பக்கம் பேசுவது. நல்ல ஆலோசகர்கள் பேசுவது குறைவு. ‘தூக்கம் எப்படி இருக்கு?’, ‘சாப்பிடத் தோணுதா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

செய்யுங்கள்: தெரிந்தவர்களிடம் கேளுங்கள், கூலியும் கொடுங்கள்

மணிமேகலையைப் பதிப்பித்தபோது உ.வே.சா.வுக்கு பௌத்தம் பிடிபடவில்லை. சைவத்திலும் தமிழிலும் கரைகண்டவர்; புரிந்த மாதிரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கும்பகோணத்தில் பேராசிரியராக இருந்த மளூர் ரங்காசாரியரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்துதான் பதிப்பித்தார்.

உங்கள் பிரதியை மூன்று பேராவது படிக்கட்டும்: ஒரு மனநல மருத்துவர் அல்லது ஆலோசகர், சிகிச்சை எடுத்து வந்த ஒருவர், பதினாறு வயதில் ஒரு பிள்ளை. பிள்ளைக்குக் கொடுக்கும்முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். மருத்துவர் நோய்ப்பெயரைத் திருத்துவார். சிகிச்சை எடுத்தவர், கிளினிக் வெளியே எப்படி உட்கார்ந்திருப்போம், தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலையே எப்படிப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொல்வார். பிள்ளை எந்தப் பக்கத்தில் செல்போனை எடுத்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்க வேண்டாம். பிழைதிருத்துபவருக்குத் தருகிற தொகையை இவர்களுக்கும் தாருங்கள். நன்றியுரையில் பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். இரண்டாமவர் அநேகமாக வேண்டாம் என்பார்.